சுருட்டுப் பெட்டியின் உள்பக்கம்

புயல் நம் வீட்டுக் கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போன நான்காம் நாள், நனைந்த சான்றிதழ்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா பிள்ளைகளே? அவை இருந்த மரப்பெட்டியும் வாசலில் வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "இவ்ளோ அழகா செஞ்சுட்டு ஏம்பா யாருக்கும் குடுக்கல?" என்று அன்றைக்கும் கேட்டீர்கள். நான் கொடியைச் சரிசெய்வதுபோல நகர்ந்துவிட்டேன். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன்.

சுனாமிக்கு மூன்றாவது வருடம் அது. திருப்பாதிரிப்புலியூரில் நானும் உங்கள் மாமாவும் சேர்ந்து தச்சுப் பட்டறை வைத்திருந்தோம். அறுப்பது, இழைப்பது, இணைப்பது என் வேலை. பாலிஷ் அவர் கை. எல்லோரும் பிளைவுட்டுக்குப் போய்விட்டதால் வேலை வற்றிப்போய், மாமாவைப் பெங்களூருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். துபாயில் ஒரு முதலாளியிடம் வேலை செய்பவர், விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். முதலாளிக்குச் சுருட்டு என்றால் உயிராம். அது காயாமல் ஈரப்பதத்தோடு இருக்க உள்ளே தனி மரப்பலகை பதித்த பெட்டி வேண்டும் என்றார். "இது அவருக்குப் புடிச்சிட்டா அவரு சிநேகிதங்க எல்லாருக்கும் உங்ககிட்டதான் செய்யச் சொல்லுவாரு, இன்ஷா அல்லாஹ்" என்றார். அதைக் கேட்டதும் மாமா, "அப்ப பெங்களூரு கெடக்குது வுடு மாப்ள" என்று சொல்லிவிட்டார்.

பாயை பஸ் ஏற்றிவிடப் போனபோது டீக்கடையில் வைத்து என்னிடம் மூன்று விஷயம் சொன்னார். மர வாசனை சுருட்டைக் கெடுக்கக் கூடாது. ஈரம் பட்டால் பலகை உப்பக் கூடாது. உள்பக்கம் பாலிஷ் கூடவே கூடாது, அதன் நெடி சுருட்டில் ஏறிவிடும்; வெறும் மரமாகவே இருக்க வேண்டும். முதல் இரண்டையும் அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன். மூன்றாவதைச் சொல்ல நாக்கு எழவில்லை. உள்பக்கத்தை வெறுமனே விடுவது அவருக்கு அவமானம். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிழிந்த பனியன் போடுகிறவன் என்று மற்ற தச்சர்களைக் கேலி செய்வார். மேஜை டிராயரின் அடிப்பக்கத்துக்குக்கூட ஒரு கை பூசுவார். அவரிடம் போய் பாலிஷ் வேண்டாம் என்றால், "எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?" என்பார். மரம் கிடைக்கட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மரம் லேசில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மரத்தின் இழைப்புத்தூளையும் ஒரு சுருட்டோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூன்று நாள் மூடிவைப்போம். பிறகு மாமா அதைப் பற்றவைத்துத் தீர்ப்புச் சொல்வார். தேக்குக்கு, "எண்ணெக் கடையில நிக்கிற மாரி இருக்கு." வேம்புக்குத் துப்பிவிட்டார். தேவதாருவுக்கு, "ஆஸ்பத்திரியக் கழுவி வுட்ட மாரி இருக்குது மாப்ள, இதப் புடிச்சா அந்த மொதலாளி நம்மள ஆள் வெச்சு அடிப்பாரு." பலாவில் வாசனைத் தொந்தரவு இல்லை, ஆனால் ஈரத்துணி போட்டு வைத்ததில் வளைந்துவிட்டது. பாயின் விடுமுறையோ தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் சிதம்பரத்தில் ஒரு பழைய மரக்கடையில், இடித்த வீட்டு அலமாரியின் மூன்று தட்டுகள் கிடைத்தன. சந்தன வேம்பு; பேரில்தான் வேம்பு, மரம் வேறு. சிவப்பாக, கனமில்லாத பலகை. இழைத்தால் மெல்லிய இனிப்பு வாசனை. டப்பாவில் வைத்த சுருட்டை மாமா பற்றவைத்தார். கேலி எதுவும் வரவில்லை. முழுசாகப் பிடித்து முடித்துவிட்டு, "இதான்" என்றார்.

மூன்று தட்டும் பெட்டிக்குள்ளேயே சரியாகப் போயிற்று. மிச்சம் ஒரு சாண்கூட இல்லை. பதித்து முடித்த மறுநாள் பித்தளைக் கீல் வாங்கச் சிதம்பரம் போனேன். போகும்போதாவது சொல்லியிருக்கலாம். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். சாயங்காலம் திரும்பியபோது பெட்டி உள்ளும் புறமும் கண்ணாடியாக மின்னியது. மாமா கையில் பஞ்சோடு, "உள்ள மூணு கோட்டு குடுத்திருக்கேன், மொகம் பாரு" என்றார். பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போனதும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். பழைய மரம் அரக்குப் பாலிஷை அடிவரை குடித்திருந்தது. மூலைகளுக்கு விரலே போகவில்லை. பரங்கிப்பேட்டைக்கு நான் மட்டும் எடுத்துப் போனேன். பாய் திறந்து மோந்து பார்த்து மூடினார். "சொன்னனே தம்பி" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் அவருக்கு விமானம்.

திரும்பி வந்து மாமாவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "மொதலாளிக்கு டாக்டரு சுருட்டே கூடாதுன்னுட்டாராம் மச்சான்." மாமா சிரித்தார். "நம்ம நேரம் பாரு, அவரு இன்னும் ஒரு மாசம் இழுத்திருக்கக் கூடாதா?" என்றார். அந்த மாதமே பெங்களூருக்கு பஸ் ஏறினார். அங்கே பிளைவுட்டில் மைக்கா ஒட்டுகிறார். பாலிஷ் போடும் கைக்கு அங்கே வேலையில்லை. நான் கூலிக்குக் கதவு மாட்டப் போகிறேன்.

புயலுக்குப் பிறகு நம்மைப் பார்க்க மாமா வந்தாரே, அந்த நான்காம் நாள்தான். வெயிலில் இருந்த பெட்டியின் முன் குந்தினார். மழைநீர் பட்டு உள்பாலிஷ் வெள்ளை பூத்துச் செதில் செதிலாக எழும்பியிருந்தது. நகத்தால் ஒரு செதிலை எடுத்துவிட்டு மூக்கை உள்ளே விட்டார். "வாசன அப்படியே இருக்குது மாப்ள" என்றார். கொஞ்ச நேரம் தலையை எடுக்கவே இல்லை. பிறகு, "அந்த டாக்டரு மட்டும் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நம்ம பட்டறை இன்னிக்கும் இருந்திருக்கும், இல்ல?" என்றார்.

"ஆமா மச்சான்" என்றேன்.