தங்கையின் இரத்தத்தை ஒதுக்கிவைத்தேன்

தங்கை ரேவதியின் கணுக்கால் வீங்கியிருந்ததை நான்தான் முதலில் கவனித்தேன். மலேசியாவின் ஈப்போவில் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "துணிக்கடையில நாள் முழுக்க நிக்கிறேன்லா, அதான்" என்றாள். விரலால் அழுத்தினேன். விழுந்த குழி எழும்பவில்லை.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். சிறுநீரில் புரதம் கலந்திருந்தது. பயாப்சி (ஊசியால் சிறுநீரகத்தின் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். லூபஸ் (நோயைத் தடுக்க வேண்டிய அணுக்கள் சொந்த உடலையே தாக்கும் நோய்) என்றார் மருத்துவர்.

அந்தச் சொல்லை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காம்பாரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக அதைத்தான் ஆராய்கிறேன். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது. நான் வெளிநாட்டில் படித்த வருடங்களில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் ரேவதி.

வீட்டில் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. ஒன்றரை வருடம் முன்பு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நலமாக இருப்பவர்களின் இரத்தம் தேவைப்பட்டது. ரேவதியும் கொடுத்தாள். குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. ஆனால் அன்று வந்தவள் அவள் ஒருத்திதான், அதனால் அவள் எண் எது என்று எனக்குத் தெரியும். அவள் இரத்தத்தில், சொந்த அணுக்களையே குறிவைக்கும் புரதம் மிக அதிகமாக இருந்தது. மறுபடி சோதித்திருக்க வேண்டும். கட்டுரை அனுப்பும் அவசரத்தில், சோதனையில் பிழை என்று எழுதி அந்த எண்ணை நீக்கினேன். பிறகு விரல் மூட்டு வலிக்கிறது என்று அவள் சொன்னபோது எனக்கு அந்த எண் ஞாபகம் வந்தது. வராததுபோல் இருந்துவிட்டேன்.

ரேவதிக்கு மூன்றாவது முறை மருந்து ஏற்றும்போது அவளிடம் அதைச் சொன்னேன். ஸ்டீராய்டால் (வீக்கத்தை அடக்கும் மருந்து) அவள் முகம் உப்பியிருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"சிறுநீரகம் இவ்வளவு கெட்டிருக்காது."

"எப்ப வேலைக்குப் போலாம்னு டாக்டர்கிட்ட கேளு" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு மாதம் பேசவில்லை. அவள் கணவர்தான் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். நான் நடைகூடத்தில் தள்ளி உட்கார்ந்திருப்பேன். ஆய்வகத்திலும் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இப்போது அப்படி ஒரு முடிவு வந்தால் மருத்துவர் வழியாக உரியவருக்குச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு காலை அவளே போன் செய்தாள். மருத்துவமனைக்குப் போக வண்டி இல்லையாம். போனேன். காரில் ஏறியதும் சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதக்கா. ரிப்போர்ட்ட எனக்குப் புரியிற மாதிரி சொல்ல நீதான் இருக்க."

வீட்டில் யாருக்காவது மூட்டு வலி விடாமல் இருந்தால், சிறுநீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள். வேலை களைப்பு என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

ரேவதியின் சிறுநீரகங்கள் பாதி தேறியிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அடுத்த பரிசோதனைக்கு அப்பால் உள்ள எதைப் பற்றியும் நாங்கள் இருவரும் பேசுவதில்லை. என் உடம்பில் ஒன்றுமில்லை. இருந்தாலும், யாராவது நலமா என்று கேட்டால், நான் நீக்கிய அந்த எண்தான் முதலில் ஞாபகம் வருகிறது.