அமெரிக்காக்காரருக்குச் சுற்றிய மிளகாய்

என் தாய்மாமாவுக்கு இரண்டு தெய்வங்கள். ஒருவர் ஊர் எல்லையில் இருந்தார், இன்னொருவர் மாமாவின் செல்போனில். இரண்டாமவர் அமெரிக்காவில் பந்து உதைப்பவர். தலைக்கவசம் போட்டவர்கள் முட்டி மோதும் அந்த ஆட்டத்தில் அவருக்கு ஒரே வேலைதான். ஓரமாகக் காத்திருந்து, கூப்பிட்டதும் வந்து, மாங்கொட்டை மாதிரி நீண்ட பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த உதைக்காகவே நாடு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதாம்.

கோலியனூர் கால்பந்து அணிக்கு அப்படி உதைப்பவர் மாமா. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய கொல்லையில் இரண்டு பனைமரங்கள் கம்பங்களாக நின்றன. அமெரிக்காவில் ஒருவர் பந்தை ஒற்றை விரலால் பிடித்துக்கொள்வாராம். இங்கே அந்த வேலை எனக்கு. மாமா ஓடிவரும்போது கண்ணை மூடிக்கொள்வேன். திறந்தால் பந்து பனைகளுக்கு நடுவே, சிவந்த வானத்தில், இனி இறங்கவே போவதில்லை என்பதுபோல் போய்க்கொண்டிருக்கும்.

திண்டிவனத்தில் நடந்த போட்டியில் கடைசி பெனால்டியை மாமா வானத்துக்கு அடித்துவிட்டார். அணி தோற்றது. வந்ததும் பூட்ஸைப் பரணில் போட்டார்.

"இனிமே பந்தையே தொட மாட்டேன்கா."

சரியாகச் சாப்பிடவும் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

கண்பட்டுவிட்டது என்று அம்மா முடிவுகட்டி, உப்பும் மிளகாயும் எடுத்து மாமாவைச் சுற்றினாள். மாமா கசப்பாகச் சிரித்தார்.

"அப்ப இவருக்கும் சுத்து. இவரும்தான் உட்டாரு."

மாமா நீட்டிய செல்போனில் பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அமெரிக்காக்காரர் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நடந்தார். அம்மா சிரிக்கவில்லை. செல்போனை மணையில் கிழக்குப் பார்க்க வைத்து, பக்தியோடு சுற்றினாள்.

"எவ்ளோ சனம் பாத்துக்கினு கீது! கண்ணு படாதா?"

அடுப்பில் போட்ட மிளகாய் கொஞ்சமும் நெடியடிக்கவில்லை. அவ்வளவு திருஷ்டி.

மறுநாள் விடிந்ததும் அம்மா மாமாவிடம் கேட்டாள். "அவன் அடிச்சானாடா?"

அது என்றைக்கோ முடிந்துபோன ஆட்டம். மாமா திருதிருவென்று விழித்தார். செல்போனை வெகுநேரம் தடவி, வேறொன்றைப் போட்டார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்குள் பந்து மெதுவாக நுழைந்து, மறைந்து, கம்பங்களுக்கு நடுவே வெளிப்பட்டது. அவர் கவசத்தைக் கழற்றி வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அடிச்சிட்டாருக்கா."

நான் குதித்தேன். அம்மா செல்போனில் இருந்த அந்த முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

"அப்ப உனுக்கு மட்டும் இன்னாடா? ஜல்தியா பூட்ஸை எட்றா."

மாமா குதித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பிறகு பரணில் ஏறினார். அன்று சாயங்காலம் கொல்லையில் விரலால் பந்தைப் பிடித்தபடி கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள் கோலியனூரில் பனி கொட்டியது.

விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கும்போதுதான் அந்த அமெரிக்காக்காரருடைய கதையை முழுசாகப் படித்தேன். பனியில் அடித்தது இளமையில். குறி தவறியது கடைசிக் காலத்தில். அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டார். மாமா அம்மாவை நன்றாக ஏமாற்றியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்து சொன்னேன். அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். உட்டப்ப தாடி பாதி நரைச்சிருந்திச்சி. அடிச்சப்ப கன்னங்கரேல்னு இருந்திச்சி."

அன்று அந்த வீட்டில் அம்மா மாமாவையும், மாமா அம்மாவையும் நம்பவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் மிளகாயை நம்பிக்கொண்டிருந்தேன்.