கேட்டில் நிறுத்திய பூங்கொடி

பக்கத்து மாநிலத்தில் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்த வாரம் எங்கள் துறையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அப்போது நாமக்கல் பக்கம் கால்நடை உதவி மருத்துவர். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பண்ணைகளின் லிஸ்ட் வரும். அதில் உள்ள பண்ணைகளுக்குப் போய்க் கோழிகளைப் பார்க்க வேண்டும், தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும், சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

அன்று முதலில் போன பண்ணையில் பத்துப் பதினைந்து கோழிகள் செத்துக் கிடந்தன. உரிமையாளர், "வெயிலுக்குங்க சார்" என்றார். கொண்டைகள் நீலம் பாரித்திருந்தன. பறவைக்காய்ச்சலிலும் அப்படித்தான் ஆகும். சாம்பிள் எடுத்தோம். பண்ணையிலிருந்து முட்டையோ கோழியோ வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, கவச உடையைக் கழற்றிப் பையில் கட்டிப் போட்டோம். கை கழுவினோம். அதே ஜீப்பில் அடுத்த பண்ணைக்குக் கிளம்பினோம். லிஸ்டில் இன்னும் இரண்டு மிச்சம்.

அடுத்தது பூங்கொடியின் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை. இரண்டே ஷெட். கணவர் லாரியில் வடக்கே போய்விட்டால் எல்லாம் அந்த அம்மாதான். ஜீப்பைப் பார்த்ததும் ஓடி வந்தார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், இதுக்கு முன்னால எந்தப் பண்ணைக்குப் போனீங்க?"

சொன்னேன். அங்கே கோழி சாவதையும் மறைக்கவில்லை.

"அப்ப உள்ள வராதீங்க. நீங்கதானுங்க மீட்டிங்குல சொன்னீங்க, சீக்குப் பண்ணைக்குப் போன காலோட இன்னொரு பண்ணைக்குள்ள போகக் கூடாதுன்னு."

என் உதவியாளர் முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கவர்மென்ட்டு வேலைக்கு வந்திருக்கறம், கேட்டத் தொறம்மா."

"கவர்மென்ட்டு ஜீப்புன்னா கிருமி பாதியில எறங்கிப் போயிருமுங்களா?"

முருகேசன் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. கோபமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். டயரைக் குனிந்து பார்த்தேன். முந்தைய பண்ணையின் எரு அப்படியே ஒட்டியிருந்தது.

இணை இயக்குநருக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தம்மா சொல்றதுதான் சரி. வண்டியக் கழுவி மருந்தடிங்க, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிங்க. மிச்சம் ரெண்டுக்கும் வேற டீம் போகட்டும்" என்றார். நான் கேட்டைப் பார்த்துக் கும்பிட்டேன். பூங்கொடியும் பதிலுக்குக் கும்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க சார்."

லேப் முடிவு வந்தது. பறவைக்காய்ச்சல் இல்லை. ராணிக்கெட், ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். மாவட்டமே மூச்சு விட்டது. ஆனால் ராணிக்கெட்டும் காலிலும் டயரிலும் ஏறிப் பரவுகிற நோய்தான். முதல் பண்ணையில் ஒரு ஷெட் ஏறக்குறையக் காலியானது. பூங்கொடியின் பண்ணையில் ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மீட்டிங்கில் துறை கொடுத்த நோட்டீஸை மூடி வைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். பண்ணையாளர்கள் சிரித்தார்கள். பூங்கொடி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இளைய மருத்துவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். அறிவுரை சொல்பவர் மேல் கிருமி ஒட்டாது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓய்வு பெறும் வரை எந்தப் பண்ணைக்குப் போனாலும் கேட்டுக்கு வெளியே நின்று, "இன்னிக்கு எந்தச் சீக்குப் பண்ணைக்கும் போகலைங்க" என்று நானே முதலில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.