பலகையில் ஏழு பெயர்கள்

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லோரும் அட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் எழுதி, ஒவ்வொன்றாக அட்டையில் ஏற்றி, மரப்பெட்டிகளில் இருபத்திரண்டு வருடமாக அடுக்கி வந்தவள். ஜன்னலோர மேசை அவளுடையது. எதிர் மேசையில் பிழை திருத்துபவர், அவள் கணவர். அவர்கள் காதலித்ததும் சண்டை போட்டதும் சமாதானமானதும் அந்த இரண்டு மேசைகளுக்கு நடுவில்தான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் உடன் வேலை செய்பவர்களின் பெயர்களையே போடுவார்கள். அச்சுக்குப் போகும்போது அவை 'அவன்', 'அவள்' என்று மாறிவிடும். அதுவரை மூன்று நாள் அட்டை வாசல் பலகையில் தொங்கும். யார் வேண்டுமானாலும் படித்துக் குறை சொல்லலாம்.

"திருட்டுன்னாலும் நான், குடின்னாலும் நான். என் வீட்டுக்காரி இந்தப் பலகையைப் பாத்தா எனக்குச் சோறு கிடையாதுக்கா" என்பார் புத்தகம் கட்டும் பைண்டர்.

"யு எழுத்து வரட்டும். 'அப்ரைட்', நேர்மையானவன்னு ஒரு சொல் இருக்கு. அதுல உங்களைப் போடுறேன்."

"அதுக்கு இன்னும் ஆறு வருஷம் ஆகுமே! அதுவரைக்கும் நான் திருடனா?"

அந்த வாரம் பி எழுத்து. பிரிஸ்கிரைப், புரோஸ்கிரைப் என்ற இரண்டு சொற்களை ஒரே அட்டையில் எழுதினாள். முன்னது மருத்துவர் மருந்து எழுதிக் கொடுப்பது. பின்னது ஒருவரை விலக்கி வைப்பது, தடை செய்வது. இரண்டுக்கும் தாய் ஒன்றே. 'எழுது' என்னும் பழைய லத்தீன் சொல். முன்கூட்டியே எழுதி வைத்தால் அது விதிமுறை. மருந்துச் சீட்டு அந்த வழியில் வந்தது. எல்லோரும் பார்க்க எழுதி மாட்டினால் அது அறிவிப்பு. பழைய ரோமாபுரியில் கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களை அப்படித்தான் பொது இடத்தில் எழுதி மாட்டினார்கள்.

படிப்பவருக்குப் புரியட்டும் என்று அதே போல ஒரு மாதிரி எழுதினாள். 'கீழ்க்கண்டோர் நாட்டின் பகைவர்' என்று தலைப்பு. கீழே ஏழு பெயர்கள். அட்டையில் ஏழுக்குத்தான் இடமிருந்தது. முதல் பெயர் பைண்டர். நான்காவது அவள் கணவர்.

"அப்பாடா, இதுலயாவது முதலிடம்!" என்று பைண்டர் சிரித்தார்.

ஊரில் அப்போது நல்ல காலம் இல்லை. ஆட்சி கைமாறி நாற்பது நாள். புதிய ஆட்சியின் சாம்பல் கோட்டுக்காரர்கள் அலுவலகம் அலுவலகமாக நுழைந்து கொண்டிருந்தார்கள். அட்டை தொங்கிய மூன்றாம் நாள் இங்கேயும் ஒருவர் வந்தார். பலகை முன்னால் நின்று குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். தன் கையெழுத்தை ரசிக்கிறார் என்று நினைத்தாள், பாவி மகள்!

மறுநாள் பைண்டரை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். அடுத்த நாள் தட்டச்சுக்காரியை. அதற்கடுத்த நாள் நூலகரை. போனவர் திரும்பவில்லை.

அன்று மாலை அட்டையைப் பெட்டியில் வைக்கப் போனவள் பெயர்களை விரலால் எண்ணினாள்.

"என்னங்க... ஆளைக் கூட்டிட்டுப் போறது என் அட்டை வரிசையிலங்க!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நாளைக்கு நான்."

"எங்கேயாவது போயிடலாங்க."

"ஓடினா, நீ எழுதினது நெசம்னு ஆயிடும்மா."

விடிந்ததும் அவளே புறப்பட்டாள். பை நிறைய அட்டைகள். வர வேண்டாம் என்று சொல்லியும் கூடவே வந்த கணவரை, விசாரணை அலுவலகத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

"ஐயா, இது எடுத்துக்காட்டுங்க. இந்த அட்டைல பைண்டர் திருடன். இதுல விமானி. இதுல ராஜா. எல்லாமே பொய்ங்க."

அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். ஓர் இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். "நம்புறேம்மா. ஏழு பேரையும் விட்டுடறேன்."

அவள் கைகூப்பினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அவர் வெள்ளைத்தாள் ஒன்றையும் பேனாவையும் மேசையில் நகர்த்தினார். "ஆனா மேல ஏழுன்னு எழுதி அனுப்பிட்டேன். கணக்குச் சரியா இருக்கணும். உண்மையான ஏழு பேரை நீங்களே எழுதுங்க. எல்லாரையும் தெரிஞ்சவங்களாச்சே."

ஜன்னல் வழியே மரத்தடி தெரிந்தது. அங்கே கணவர் கழுத்தை நீட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவின் மூடியைத் திறந்தாள்.

உச்சி வெயிலில் பைண்டர் தள்ளாடியபடி வெளியே வந்தார். பின்னாலேயே தட்டச்சுக்காரி. பிறகு நூலகர். கணவர் ஓடிப் போய் ஒவ்வொருவராகத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்.

"அக்காவைப் பாத்தீங்களா?"

பைண்டர் உள்ளே கை காட்டினார்.

அப்போது ஓர் ஆள் பசை வாளியோடு வந்து, வெளிச்சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். கணவர் கிட்டப் போய் நின்றார். நாள்தோறும் அவர் திருத்திய அதே உருண்டைக் கையெழுத்து. மேலே அதே தலைப்பு. கீழே ஏழு வரிகள்.

ஏழிலும் அவள் பெயரே இருந்தது.