இடது ஸ்பீக்கரில் துளித் தமிழ்

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு அந்தத் தோப்புக்காரர் மூன்றாம் முறையும் வந்தார். எருத்தேன்பதியிலிருந்து பஸ்ஸில், சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு. வேட்டியெல்லாம் தேங்காய்க் கறை. கம்ப்யூட்டரிலேயே டிவி பார்க்க சிபியூவுக்குள் போட்டிருந்த டிவி கார்டில் ஒரு சேனலின் தமிழும் மலையாளமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்டன. சத்தம் வந்ததும் அவர் ஒரு காதைப் பொத்திக்கொள்வார், அப்படிச் செய்தால் ஒரு பாஷை நின்றுவிடும் என்பதுபோல.

இரண்டு முறை டிரைவரை மாற்றிப் போட்டுத் தோற்றிருந்த எரிச்சலில், "ஏனுங்ணா, வேற சேனல் பாத்தா ஆகாதுங்களா?" என்றேன்.

"ஊட்டுக்காரி இதைத்தானுங்க பாக்கறா. பக்கவாதம் வந்ததுல அவளுக்குத் தமிழே மறந்துபோச்சுங்க. பொறந்த ஊட்டு மலையாளம் மட்டுந்தான் நிக்குது. முப்பது வருசம் எங்கூடத் தமிழ்ல பேசுனவ, இப்ப நான் பேசுனா யாரோன்னு பாக்கறா. ரெண்டும் கலந்து கேட்டா அழுகறா."

அதன்பிறகுதான் ஒழுங்காகத் தேடினேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே சத்தத்தை அனுப்பும் மோனோவில் இருந்ததை ஸ்டீரியோ ஆக்கியதும் தமிழ் இடது ஸ்பீக்கருக்கும் மலையாளம் வலதுக்கும் பிரிந்து போயின. இடது பக்கச் சத்தத்தை அடைக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசா அடைச்சுராதீங்க. துளியூண்டு கேக்கட்டும். என்ர பேச்சு அவளுக்குத் திரும்பி வந்தாலும் வருமுங்க."

பழுதை அடியோடு நீக்குவதுதான் என் தொழில். அன்று துளிப் பழுதை நானே மிச்சம் வைத்து அனுப்பினேன்.

அவர் நாலாம் முறை வரவில்லை. அது நல்லதற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.