மெட்டல் கட்சித் தலைவர்

அந்த வருஷம் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் இரண்டு கட்சிகள் இருந்தன. யோயோ என்றால் பிளாஸ்டிக்தான் என்பது ஒன்று. மெட்டலுக்கு முன்னால் பிளாஸ்டிக் நிற்காது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கட்சிக்கு என் அண்ணன்தான் தலைவன். அதுவரை அவன் ஒரு மெட்டல் யோயோவைத் தொட்டதுகூடக் கிடையாது என்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் அம்மாவின் போனில் வீடியோ பார்த்து வந்த ஞானம்.

சாயந்திரமானால் மாதா கோயில் மைதானத்தில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அண்ணன் கையில் பிளாஸ்டிக்கை ஆட்டிக்கொண்டே வாயால் மெட்டலுக்கு வாதாடுவான்.

"மெட்டல்ல வெயிட்டெல்லாம் ஓரத்துல இருக்கும்ல. ஒரு தடவ விட்டா நீ போயி டீ குடிச்சிட்டு வாரவரைக்கும் சுத்தும். இது என்னல, சோப்பு டப்பா மாதிரி."

எதிர்க்கட்சித் தலைவன் எங்கள் அத்தை மகன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "உன் மெட்டலு சிமெண்டுல ஒரு தடவ விழட்டும். ஓரம் நசுங்கி விரலக் கிழிக்கும். விரல் முட்டில பட்டா மூணு நாளைக்குப் பேனா பிடிக்க மாட்ட" என்பான். எனக்கு அப்போது ஒன்பது வயது. கையில் இருந்தது பிளாஸ்டிக். ஆனாலும் ரத்த பாசத்தால் மெட்டல் கட்சியில் இருந்தேன்.

கப்பலில் வேலை பார்த்த மாமா அந்த முறை லீவில் வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து நிஜமான ஒரு மெட்டல் யோயோவைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தார். கத்தரிப்பூ நிறம். பளபளவென்று இருந்தது. அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை மாமா மறுபடியும் கப்பலேற வேண்டும். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எல்லாரு முன்னாலயும் விட்டுக் காட்டணும் மருமவனே" என்று சொல்லிவிட்டார். விஷயம் அத்தை மகன் காதுக்கும் போய்விட்டது.

அதிலிருந்து அண்ணன் மொட்டைமாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தான். யாருக்கும் அனுமதி இல்லை. சோறு சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய வித்தைக்காரர்கள் எல்லாம் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவன் டியூசனுக்குப் போன நேரத்தில் நான் அதை எடுத்தேன். ஒரே ஒரு தடவை விட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான். விட்டேன். சத்தமே இல்லாமல் கீழே நின்று சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே வருவதற்காக நூலைச் சுண்டினேன். வரவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினேன். கடைசியில் சுற்றி ஓய்ந்து, நூலின் நுனியில் தொங்கியது. கையால் நூலைச் சுற்றி மறுபடி விட்டேன். அதே கதைதான். பிளாஸ்டிக் யோயோ சுண்டினால் மேலே வரும். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து கடல் தாண்டி வந்த பொருளை ஐந்தே நிமிஷத்தில் கெடுத்துவிட்டேன்.

எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. பூட்டு, கதவுக் கீல், சைக்கிள் செயின், தையல் மிஷின் என்று ஒன்றையும் உப்புக்காற்று விட்டுவைக்காது. விசைப்படகில் டிரைவராக இருந்த அப்பாவிடம் எது மக்கர் பண்ணுகிறது என்று சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். "துருவாத்தான் இருக்கும். கிரீஸ வையி." அதற்காகவே படகிலிருந்து கொண்டுவந்த கிரீஸ் டப்பா ஒன்று கதவுக்குப் பின்னால் எப்போதும் இருக்கும்.

வந்து மூன்று நாளில் துருப்பிடிக்குமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. நூல் மாற்றுவதற்காக அண்ணன் அதை இரண்டாகத் திருகித் திறந்ததைப் பார்த்திருந்தேன். அப்படியே திறந்தேன். நடுவில் ஒரு குட்டி பேரிங் இருந்தது. தீக்குச்சியால் கிரீஸை எடுத்து அதற்குள் அப்பினேன். மூடித் திருகி, மாதாவுக்குப் பத்து மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு விட்டேன். சுண்டினேன். பட்டென்று உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவாடையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மைதானத்தில் கூட்டம் நின்றது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ, பாதியில் மறுபடி நின்றுவிடுமோ என்று பயம்.

"எங்க மருமவனே, கீழ விட்டு மேல எடு பாப்போம்" என்றார் மாமா.

அண்ணன் ஒருமுறை கோயில் கோபுரத்தைப் பார்த்தான். விட்டான். கண்ணை மூடிக்கொண்டு சுண்டினான். யோயோ நேராக வந்து அவன் கையில் அடித்தது. அவன் கண்ணைத் திறந்து அதைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மறுபடி விட்டான், வந்தது. பத்து முறை விட்டான், பத்து முறையும் வந்தது. மாமா அவன் முதுகில் தட்டினார். "சரிதாம்ல, நல்லாத்தான் இருக்கு" என்று அத்தை மகனே ஒத்துக்கொண்டான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. மெழுகுவர்த்தியைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தால் மாதா கோபித்துக்கொள்வாளா என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அப்பா கிரீஸ் டப்பாவும் கையுமாக வந்து நின்றார்.

"இத யாரு விரல விட்டு நோண்டுதா? தோண்டித் தோண்டிக் குழியாக் கெடக்கு."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"நாந்தாம்ப்பா எடுத்தேன். சைக்கிளுக்கு" என்றான்.

அப்பா அவன் காதைத் திருகிவிட்டுப் போனார். அண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு ஒரு வருஷம் அவன் சட்டைகளை நான்தான் இஸ்திரி போட்டேன். என் பங்கு மீன் வறுவலில் பாதி அவன் தட்டுக்குப் போனது. அவனும் ஒன்றும் கேட்காமல் தின்றான்.

கல்லூரி விடுதியில் ஒருநாள் தற்செயலாக ஒரு யோயோ வீடியோ பார்த்தேன். அந்த மாதிரி மெட்டல் யோயோ தானாக மேலே வராதாம். நூலை ஒரு விதமாக மடித்துக் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டுமாம். அது கைக்குப் பழகச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகுமாம். பேரிங்கில் கிரீஸ் வைத்தால் பிளாஸ்டிக் மாதிரி சுண்டினாலே வந்துவிடும், ஆனால் அதன் அருமையே போய்விடும் என்று அந்த ஆள் வருத்தப்பட்டார். நான் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாளும் அண்ணன் பட்ட பாடு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எடுத்த கிரீஸ் ஒரு தீக்குச்சி நுனியளவு. அடுத்த தடவை நூல் மாற்றத் திறந்தபோது அது அவன் கண்ணில் பட்டிருக்கும். அன்றைக்கு அப்பாவிடம் அண்ணன் சொன்னதில் சைக்கிள் ஒன்றுதான் பொய்.