சாக்லேட்டில் ஊற்றிய தண்ணீர்

குவைத்தில் சண்டை வந்த வருஷம், எங்கள் அத்தை ஒரு துணிப்பையும் ஒரு கரண்ட் பானையுமாக, மராட்டி பேசும் ஊரான ஏரவாடாவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அங்கே ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்தவள். கிளம்பும் அவசரத்தில் அந்த வீட்டு அம்மாள் கையில் திணித்த பானையாம் அது. நகையும் நட்டுமாக இறங்குவாள் என்று எதிர்பார்த்த எங்கள் சந்து, அவள் பானையோடு இறங்கியதைப் பார்த்து ஒரு வாரம் சிரித்தது.

அந்தப் பானைக்கு அவசரம் என்பதே கிடையாது. காலையில் பருப்பைப் போட்டால் மத்தியானம்தான் வேகும். “இது வேகுறதுக்குள்ள நாம வெந்துருவோம்” என்பாள் அம்மா.

எங்களுக்கு இருந்தது தகரக் கூரை போட்ட ஒரே அறை. அப்பா, அம்மா, நான், தங்கை, இப்போது அத்தை. ராத்திரி யாராவது புரண்டு படுத்தால் எல்லோரும் புரள வேண்டும். “இந்த ஒரு ரூமுல எத்தன பேரு கெடக்குறது?” என்று அம்மா அப்பாவிடம் முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன். அத்தையும் கேட்டிருப்பாள். அந்த அறையில் ரகசியம் பேச இடமில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அத்தையை ரயிலேற்றி அனுப்பும்படி தூத்துக்குடியிலிருந்து பெரியப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அத்தைக்கு அங்கே போக மனமில்லை. கல்யாணமான புதிதிலேயே புருஷன் விட்டுப் போனவள் அவள். அந்தக் கதையை அவளுக்கே திருப்பிச் சொல்ல ஊரில் ஆட்கள் காத்திருந்தார்கள். இங்கே ஏதாவது வேலை கிடைத்தால் இருந்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். அப்பா பிடி கொடுக்கவில்லை.

அம்மா விஷ்ராந்த்வாடியில் ஒரு பேங்க் ஆபீசர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். கிறிஸ்துமஸ் லீவில் பிள்ளைகளின் சிநேகிதர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்க அந்த வீட்டம்மாவுக்கு ஆசை. குவைத்தில் அத்தை பிள்ளைகளுக்கு சாக்லேட் செய்து கொடுத்த கதையை அம்மா பேச்சுவாக்கில் சொல்லப்போக, வீட்டம்மா கேம்ப் கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய பெரிய சாக்லேட் கட்டிகளை வாங்கி வந்து அம்மா கையில் கொடுத்துவிட்டார். “நல்லா வந்துச்சுன்னா நம்ம காலனியில நாலு பேருகிட்டச் சொல்றேனுங்க” என்றாராம்.

அத்தையின் முகம் அன்றுதான் தெளிந்தது.

விருந்தன்று காலையில் பானையைத் துடைத்து, ஈரம் போகத் துணியால் மறுபடியும் துடைத்து, கட்டிகளை உடைத்துப் போட்டாள். சின்ன சூட்டில் வைத்து, அகப்பையால் கிண்டியபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக உருகிப் பளபளவென்று வந்தது. நானும் தங்கையும் பானைக்கு ஆளுக்கொரு பக்கம் காவல் இருந்தோம். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அகப்பையை அண்ணியான அம்மா கையில் கொடுத்துவிட்டு, குடங்களைத் தூக்கிக்கொண்டு அத்தை ஓடினாள். “இந்தா வந்துருதேன் மைனி, சும்மா கிண்டிட்டு மட்டும் இருங்க.”

அம்மா கிண்டினாள். குனிந்து பார்த்தாள். மோந்து பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன மாதம்தான் அடுத்த வரிசையில் ஒரு வீட்டில் தண்ணீர் வற்றிப்போய்க் குக்கர் வெடித்து, மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அம்மாவுக்குத் தெரிந்த இட்லிப் பானை, புட்டுக்குடம், குக்கர் எல்லாவற்றிலும் அடியில் தண்ணீர் இருந்தாக வேண்டும். இதில் ஒரு சொட்டுகூட இல்லை. “ஏல, தண்ணியே ஊத்தாம வச்சிட்டுப் போயிருக்காளே உங்க அத்தை!” என்று எங்களைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து ஊற்றினாள்.

கண் முன்னாலேயே அந்தப் பளபளப்பு செத்தது. கிண்டக் கிண்டத் திரிதிரியாகி, ஆற்றங்கரைச் சேறு மாதிரி அகப்பையில் அப்பிக்கொண்டது.

இடுப்பில் குடத்தோடு வந்த அத்தை பானையைப் பார்த்தாள்.

“தண்ணி ஊத்துனியளா மைனி?”

“ஊத்தாம? வெடிச்சுரும்லா!”

அத்தை குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “நான் போகணும்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்லா, மைனி. இன்னொருத்தங்க பொருளையா கெடுக்கணும்?” என்றாள்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. “ஏட்டி, மனசறிஞ்சு கெடுப்பேனா நான்? கூரை பிஞ்சி கெடக்கே, நீயும்தானே போய்ப் பாத்த? பிள்ளைய ரெண்டும் பக்கத்துல உக்காந்திருக்கு. எனக்கு ஈரக்குலை நடுங்கிட்டு!”

அத்தை அழுதாள். அதைப் பார்த்த அம்மா சேலையை இழுத்துச் செருகினாள். “எந்திட்டி. பாகு முறிஞ்சா தூரவா கொட்டுதோம்? உருண்டை பிடிக்கலாம்.”

பாலைக் காய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். நெய் விட்டாள். திரிதிரியாக இருந்தது மெல்ல இளகியது. பழைய பளபளப்பு வரவில்லை என்றாலும் வழவழவென்று ஆனது. பக்கத்து வீட்டு மராட்டிக்கார அக்கா, எல்லாக் குழம்புக்கும் போடுவதற்காக வறுத்த நிலக்கடலையைப் பொடித்து டப்பா நிறைய வைத்திருப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு டப்பாவோடு கொடுத்தார். பிஸ்கட்டை நொறுக்குவது என் வேலை. எல்லாவற்றையும் கொட்டிப் பிசைந்து, ஆறியதும் அம்மாவும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து உருண்டை பிடித்தார்கள். தேங்காய்த் துருவலை லேசாக வறுத்து அதில் புரட்டினார்கள். “என்னட்டி இது, நெல்லிக்காய் கணக்கா? பெருசாப் பிடி” என்றாள் அம்மா. “சின்னதா இருந்தாத்தான் அந்த மாதிரி வீட்டுல மரியாதை, மைனி” என்றாள் அத்தை. அப்புறம் இருவரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அம்மா, அத்தை, நான் மூன்று பேருமாக நடந்து விஷ்ராந்த்வாடி போனோம். வழி நெடுக அத்தையின் உதடு எதையோ ஜெபித்துக்கொண்டே வந்தது. வீட்டம்மா ஒரு உருண்டையைக் கடித்தார், கண்ணை மூடித் திறந்தார், இன்னொன்றை எடுத்தார். “கடை சாக்லேட் மாதிரியே இல்லைங்களே, அதைவிட நல்லாருக்கு! யாருங்க செஞ்சது?”

நான் வெளியாட்கள் முன்னால் வாயைத் திறக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை வந்தும் வாத்தியாருக்கு என் குரல் தெரியாது. அன்று மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. “எங்க அம்...” என்று ஆரம்பித்தேன். தொடையில் சுரீர் என்றது. அம்மா கிள்ளியிருந்தாள்.

“எல்லாம் என் நாத்தனாருதாம்மா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது” என்றாள் அம்மா.

அத்தை தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். புது வருஷத்துக்கும் வேண்டும் என்று வீட்டம்மா அத்தையிடம் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாளையும் கூப்பிட்டு, “இவங்கதான்” என்று காட்டினார்.

அப்பா பிம்ப்ரியில் வேலை முடிந்து வந்ததும், சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அம்மா பிடித்துக்கொண்டாள். “உங்க தங்கச்சிக்கு ஆர்டர் மேல ஆர்டர் வருது. டிக்கெட் கிக்கெட்டுனு பேசாதிய. அண்ணாச்சிட்ட நீங்களே சொல்லிருங்க.”

“ரூமுல எடம் இல்லேன்னு நீதானே சொன்ன?”

“எடம் இல்லேன்னுதானே சொன்னேன்? போகச் சொன்னேனா?”

அத்தை போகவில்லை. சில வருஷங்களில் அப்பாவின் கம்பெனியை மூடினார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்தது அத்தையின் பலகாரத்தால்தான். நான் தொழில் பழகியதும், தங்கை காலேஜ் போனதும் அதில்தான். சாப்பிட உட்காரும்போது அம்மாவுக்கும் அத்தைக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், உருண்டையைச் செய்தது அம்மா, பேர் வாங்கியது அத்தை, உண்மையைச் சொல்லப் போனவனுக்குக் கிடைத்தது கிள்ளு என்பதுதான். பாவம், அம்மா ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். என் பங்குக்குக் கிடைத்த ஒரே உருண்டையைத் தின்னாமல் வைத்திருந்து, அடுப்படியில் இருந்த அம்மாவின் வாயருகே கொண்டுபோனேன்.

அம்மா சிரித்தாள். பாதியைக் கடித்தாள். மீதிப் பாதியை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தையின் வாயில் ஊட்டினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்று ராத்திரி இரண்டு பேரிடமும் நான் பேசவில்லை.